காய் கறுக்கும்வரை

இன்று காலை உன் வீட்டு வாசலில் குப்பை எரிந்துகொண்டிருந்தது. புகையில் பச்சை இலை கருகும் வாடை. உன் செடியின் மிச்சத்தைத்தான் கொளுத்தியிருந்தார்கள். உன் காரியம் நேற்றுதான் முடிந்தது. அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து உனக்கு மடல் எழுதுகிறேன். வேறு யாரிடம் திட்டித் தீர்ப்பது?

இலங்கைக்கு அக்காவைப் பார்க்கப் போகிறவர்கள் சோப்பும் டீத்தூளும் கொண்டுவருவார்கள். நீ ஈரத் துணியில் சுருட்டி ஒரு கன்றைக் கொண்டுவந்தாய். அந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லாத புதராம். அங்கேயும் நீ பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ஒரே சரிவில்தான் இருந்ததாம். பிறகு அந்தச் சரிவையும் வழித்து ரோடு போட்டுவிட்டதாக உன் அக்கா போனில் அழுதாள். பிள்ளையார்பாளையத்து வெயிலில் மலைச்செடியா என்று தெருவே சிரித்தது, நானும்தான். நீ கோணியை நனைத்துப் பந்தல் போட்டாய். தறியில் உட்கார்ந்திருந்த புருஷனுக்கு மோர் கொடுக்க மறந்தாலும் செடிக்குத் தண்ணீர் மறந்ததில்லை.

இந்த வருஷம்தான் முதல்முதலாகப் பூத்தது. அம்மனுக்கு ஒரு கொத்து கேட்டுவந்த பூசாரியையே விரட்டினாய். என்னிடம் மட்டும், "காய் கறுக்கணும்டீ. கறுத்தாத்தான் வெதை. அப்பால தெரு பூரா நட்டுடலாம்" என்றாய். காய் பச்சையாக இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். எதிலும் அவசரம் உனக்கு.

செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படைப்பது நம் வழக்கம். நேற்று கருவாட்டுக் குழம்பு, வெற்றிலை, உன் அரக்குப் பட்டு. நடுவே உன் செடி முழுசும். உன் மகன் அடியோடு வெட்டி, பச்சைக் காய்களோடு உன் படத்துக்கு முன்னால் குவித்திருந்தான்.

"என்னடா பண்ணிட்ட?" என்றேன்.

"அம்மா யாருக்குமே ஒரு பூ குட்த்தது இல்ல சித்தி. அதான் மொத்தமா அவங்களுக்கே வெச்சுட்டேன்" என்றான், கண் கலங்க. "கட்டை இருக்குது, துளிர்த்துக்கும். ஒவ்வொரு தெவசத்துக்கும் இதையே வெட்டி வெப்பேன்."

அறைய ஓங்கிய கையால் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். இரவெல்லாம் எரிச்சல் அடங்கவில்லை.

சொல்லாவிட்டால் வருஷா வருஷம் பாசத்தோடு வெட்டுவான். சொன்னால், பெற்றவளின் ஆசையைத் தன் கையாலேயே வெட்டினோம் என்று ஆயுசுக்கும் குமைவான். உன் பிள்ளையா, உன் செடியா? இப்படி ஒரு வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். நீ எதைச் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது.

சாயங்காலம் அவனிடம் சொல்லப் போகிறேன். அழட்டும்.