நடுவில் அறுத்த கட்டில்

மார்ச் 3

அன்புள்ள பிரேக் டீச்சருக்கு,

இங்கே நலம். நீயும் பாப்பாவும் புதிதாக வந்திருக்கும் குட்டியும் நலமாக இருப்பீர்கள். பாப்பாவுக்கே ஒரு பாப்பா பிறந்துவிட்டது, இனிமேலாவது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று பார்க்கிறேன். வாய் வரமாட்டேன் என்கிறது.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீதான் போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாயே. இந்தப் பக்கம் மாப்பிள்ளை, அந்தப் பக்கம் பாப்பா, நடுவில் குட்டியின் அழுகை. அந்தச் சபையில் என் மூத்திரக் கதையை எப்படி அவிழ்ப்பது? நேற்றுப் போனில் "எல்லாம் நல்லாயிருக்கு" என்று மட்டும் சொன்னேன் அல்லவா, அதன் முழு விவரம் இது.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர், "சுத்தமா இருக்கு. புற்றுநோயோட அடையாளம் எதுவும் தெரியல. சந்தோஷமாப் போயிட்டு வாங்க" என்றார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன், படித்தார். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் பாவம் என்று தோளைத் தட்டினார். "நல்ல சேதிங்க" என்றேன். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

கசிவும், புராஸ்டேட் ஆப்பரேஷனுக்குப் பிறகு மூத்திரக் குழாயை எடுத்த புதிதில் இருந்த மாதிரி இல்லை. பயிற்சி சொல்லித் தரும் பிசியோதெரபி பெண் கெட்டிக்காரி. "ஒண்ணுக்குப் போறதைப் பாதியில நிறுத்துற மாதிரி உள்ளுக்குள்ள இழுத்துப் பிடிங்க. ஆனா மூச்சைப் பிடிக்காதீங்க" என்கிறாள். பட்டறையில் உளி தீட்டும்போதுகூடச் செய்கிறேன். பாலிஷ்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க, பல்வலியா?" என்று கேட்டார். இருமினால், கனமான பலகையைத் தூக்கினால்தான் இன்னும் தொல்லை. பேடு வைத்துக்கொள்கிறேன்.

அப்புறம், உனக்குத் தெரியாமல் ஒரு வேலை பார்த்திருக்கிறேன். நம் பெரிய கட்டிலை நடுவில் அறுத்து இரண்டு ஒற்றைக் கட்டிலாக ஆக்கிவிட்டேன். தலைமாட்டுப் பலகையில் நான் செதுக்கிய கொடி இருக்கிறதே, அதில்தான் ரம்பத்தை வைத்துவிட்டு இரண்டு தடவை எடுத்தேன். ஆனாலும் கோடு பிசகாமல் வந்தது. அறுத்த பக்கத்தை இழைத்து, புதுக் கால் வைத்து, பாலிஷ் போட்டாயிற்று. யார் பார்த்தாலும் பிறக்கும்போதே இரட்டை என்பார்கள். ஜன்னலோரம் உனக்கு. குளியலறைக் கதவோரம் எனக்கு. இனி நான் எத்தனை தடவை எழுந்தாலும் உன் தூக்கம் கெடாது.

குட்டியோடு ஆசை தீர இருந்துவிட்டு வா. இங்கே ஒன்றும் அவசரமில்லை.

உன்,
மரத்தூள்


மார்ச் 11

மரத்தூளுக்கு,

அன்புள்ள என்ற சொல்லை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனை விவரம் வயிற்றில் பாலை வார்த்தது. சமையலறையில் நின்று இரண்டு தடவை படித்தேன். "ஏம்மா, லெட்டரைப் பார்த்து ஆடறே?" என்று பாப்பா கேட்டாள். "உங்கப்பா பொழைச்சுக்கிட்டார்டி" என்று அவளைக் கட்டிக்கொண்டேன். அப்படியே நிறுத்தியிருக்கலாம். கடைசிவரை படித்துத் தொலைத்தேன்.

யாரைக் கேட்டு அறுத்தீர்கள்? அந்தக் கட்டிலில் பாதி என்னுடையது. அறுத்தே தீரவேண்டுமென்று கை அரித்தால் உங்கள் பாதியை மட்டும் அறுத்திருக்க வேண்டியதுதானே! கல்யாணத்துக்கு முன்னால் எனக்காகச் செய்த முதல் சாமான் அது. கொடியில் எத்தனை இலை வேண்டும் என்று கேட்டு அனுப்பிய மனுஷன், அறுக்கும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதில் கோடு பிசகவில்லை என்று பெருமை வேறு.

என் தூக்கம் கெடக்கூடாது என்றா செய்தீர்கள்? காதில் பூ சுற்றாதீர்கள். பாப்பாவுக்குப் பல் முளைத்தபோது கெடாத தூக்கமா, உங்கள் குறட்டைக்குக் கெடாத தூக்கமா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக நீங்கள் சுவரைப் பார்த்தே படுத்தீர்கள். முதுகில் கை வைத்தால் "தூங்கு" என்றீர்கள். வலிக்கிறதாக்கும் என்று கையை எடுத்துக்கொண்டேன். பிறகு காயம் ஆறியது, காலையில் பாலிஷ்காரரோடு சிரித்துப் பேசினீர்கள், என்னிடம் மட்டும் "தூங்கு". பாப்பாவின் பிரசவத்துக்குப் போகச் சொல்லி என் பெட்டியை நீங்களே கட்டிக் கொடுத்தீர்கள். இப்போது "அவசரமில்லை" என்று எழுதுகிறீர்கள்.

நேராகவே கேட்கிறேன். என்னை வேண்டாமென்று ஆகிவிட்டதா? ஆமென்றால் ஆமென்று எழுதுங்கள். நான் இங்கேயே ஒரு டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்த்துக்கொள்கிறேன். பூசி மெழுகி ஒரு பதில் வந்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

பேடு நனைந்ததும் மாற்றுங்கள், புண்ணாகிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் கட்டிலின் பாதிக்குச் சொந்தக்காரி


மார்ச் 19

அன்புள்ள உனக்கு,

நீ எழுதியதைப் படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு ஜன்னல் சட்டத்தை அளவு தப்பி அறுத்துவிட்டேன். உன்னை வேண்டாமென்று நினைக்க எனக்கென்ன பைத்தியமா? பூசி மெழுகாமல் எழுதுகிறேன், படித்துவிட்டுக் கிழித்துவிடு. பாப்பா கையில் கிடைக்கக்கூடாது.

ஒரு காலையில் எழுந்தபோது மெத்தை நனைந்திருந்தது, ஞாபகம் இருக்கிறதா? மெத்தையைத் தனியாளாக இழுத்துக்கொண்டுபோய்ப் பால்கனியில் வெயிலில் போட்டாய். மாடி வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்து, "என்ன கொட்டிடுச்சு?" என்று கேட்டாள். "டீ கொட்டிடுச்சு, என் கையாலாகாத்தனம்" என்றாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் ஈரத்துக்கு நீ பழி ஏற்றுக்கொண்டாய். எனக்கு அந்தக் கதவுக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. இன்னொரு முறை உன்னை அப்படிச் சொல்ல வைக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அது ஒரு பாதிதான். மறுபாதியை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆப்பரேஷனுக்குப் பிறகு என் உடம்பு அந்த விஷயத்தில் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கேட்பதே இல்லை. டாக்டரிடம் சொன்னேன். "நரம்பு தேற நாளாகும், வருஷம்கூட ஆகலாம். அதுவரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் தொடக்கூடாதுன்னு இல்ல. அடுத்த தடவை வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். "அவ ஊர்ல இல்லீங்க" என்றேன். அப்போது நீ கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தாய். அந்த மாத்திரையை நானே தனியாக வாங்கினேன். பட்டறையில் கீல் போட்டு வைக்கும் டப்பாவில் கிடக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை.

நீ கை வைத்தால் எனக்கும் ஆசை வரும். ஆசை வந்து, உன்னைத் திருப்பி அணைத்து, அப்புறம் முடியாமல் போனால்? அதைவிட உன் கை வராமலே இருந்தால் தேவலை என்று பட்டது. கட்டில் இரண்டானால் யார் பக்கமும் குற்றமில்லை என்று நினைத்தேன். உன் மனம் இப்படிப் போகும் என்று தோன்றவே இல்லை. மரமண்டை.

உன் கை இல்லாமல் எனக்குத் தூக்கமே சரியாக வருவதில்லை. இதையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

உன்,
மரத்தூள்


மார்ச் 26

என் அன்புள்ள மரத்தூளுக்கு,

அன்புள்ள திரும்ப வந்துவிட்டது, பார்த்துக்கொள்ளுங்கள்.

குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். அழுதேன், பிறகு சிரித்தேன். சிரித்ததில் என்ன ஆயிற்று என்று இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

இந்த வீட்டு நிலவரம் கேளுங்கள். குட்டி நிமிஷத்துக்கு நிமிஷம் நனைக்கிறாள். அவள் சின்னப் பிள்ளை. பாப்பா பிரசவமானதிலிருந்து தும்மினால் நனைக்கிறாள். நர்ஸ் வந்து பயிற்சி சொல்லிக் கொடுத்தாள்: "உள்ளே இழுத்துப் பிடிங்க, மூச்சைப் பிடிக்காதீங்க." அட, இது நம்ம வீட்டுப் பாடமாச்சே என்று நினைத்துக்கொண்டேன். பாப்பா செய்யும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிறேன். ஏன் தெரியுமா? பாப்பாவைப் பெற்ற நாளிலிருந்து நானும் அப்படித்தான். இருமினால், குதித்தால், பலமாகச் சிரித்தால் போச்சு.

டிரைவிங் ஸ்கூல் ஆட்களோடு பிக்னிக் போனபோது எல்லாரும் கயிறு தாண்டினார்கள், நான் முழங்கால் வலி என்று உட்கார்ந்தேனே? முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. நீங்கள் வீட்டுக்கு வந்து மெனக்கெட்டுத் தைலம் தேய்த்துவிட்டீர்கள். சும்மா கிடந்த முழங்காலுக்கு ராஜ உபசாரம்! நானும் வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை. பொம்பளைகளுக்குள் இதைப் பேசுவோம், சிரிப்போம். ஆம்பளையிடம் சொல்ல மாட்டோம். நான் அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்றிருக்க மாட்டீர்கள்.

மறுபாதிக்கு வருகிறேன். நான் கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறவள். சிக்னலில் வண்டி நின்று போகாத மாணவர் ஒருத்தர்கூட என்னிடம் படித்ததில்லை. பின்னால் ஹாரன் அடிப்பார்கள், இவர்களுக்கு வேர்த்து வழியும். "அடிக்கிறவன் அடிக்கட்டும். நியூட்ரல்ல போட்டுட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க" என்பேன். வண்டி நின்றுபோனதற்காக யாரையும் இறங்கி வீட்டுக்குப் போ என்று நான் சொன்னதில்லை. நம் வீட்டில் ஹாரன் அடிக்கக்கூட ஆளில்லை. பிறகு உங்களுக்கு என்ன அவசரம்?

எனக்கு வேண்டியது ஒன்றுதான்: உங்கள் முதுகு சுவர்ப்பக்கம் இருக்க வேண்டும், முகம் என் பக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றது வந்தால் வரட்டும். வந்தால் வேண்டாமென்று சொல்ல நானொன்றும் சாமியாரில்லை.

ஏப்ரல் பத்தாம் தேதி கிளம்பி வருகிறேன். பாப்பா தேறிவிட்டாள், மாப்பிள்ளை குட்டியைக் குளிப்பாட்டவே பழகிவிட்டார். டாக்டரிடம் நாம் இரண்டு பேரும் போவோம். அதற்குள் கட்டிலுக்கு என்ன செய்வீர்களோ தெரியாது.

உங்கள்,
பிரேக் டீச்சர்

பி.கு. கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்க மனசு வரவில்லை. பெட்டியில் புடவைக்கு அடியில் இருக்கிறது.


ஏப்ரல் 2

என் அன்புள்ள டீச்சருக்கு,

அந்த முழங்காலுக்கு நான் தேய்த்த தைலத்தை நினைத்துப் பட்டறையில் தனியாகச் சிரித்தேன். சிரித்து முடித்துத்தான் கவனித்தேன், பேடு காய்ந்தே இருந்தது. நேற்று ஒரு கதவைத் தூக்கும்போதும் முன்கூட்டியே இழுத்துப் பிடித்துக்கொண்டேன். ஒரு சொட்டுகூட இல்லை. பாலிஷ்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். எதற்கென்று அவருக்குத் தெரியாது, ஆனாலும் அவரும் குலுக்கினார்.

கட்டில் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. ரம்பம் போன இடத்திலும் இழைத்த இடத்திலும் விரற்கடை அகலம் மரம் போய்விட்டது. சேர்த்து வைத்துப் பார்த்தால் கொடியின் தண்டு ஒன்றோடொன்று பொருந்தவில்லை, நடு இலை ஒன்று காணாமலே போய்விட்டது. ஒட்டுப் போட்டு மறைக்கலாம், வேண்டாமென்று விட்டேன். நான் செய்த முட்டாள்தனம் அப்படியே தெரியட்டும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கெட்டியான பித்தளைக் கொக்கி போட்டிருக்கிறேன். மாட்டினால் அசையாது. இரண்டின் மேலும் விரிக்கிற மாதிரி ஒரே மெத்தை, அதற்கு நீர் இறங்காத உறை. கொக்கியை நான் மாட்டவில்லை. நீ வந்து மாட்டு. உன் பயிற்சிக் காரில் உன் பக்கமும் ஒரு பிரேக் உண்டே, அந்த மாதிரி இது உன் பொறுப்பில் இருக்கட்டும்.

டாக்டரிடம் இரண்டு பேருக்குமாக நேரம் வாங்கிவிட்டேன். கீல் டப்பாவிலிருந்த மாத்திரை இப்போது வீட்டு அலமாரியில், உன் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பத்தாம் தேதி எப்போது வரும் என்றும் இருக்கிறது. சீக்கிரம் வா. அவசரமில்லை என்று எழுதியதை அடித்துவிடு.

உன்,
மரத்தூள்


மே 14, சாப்பாட்டு மேஜையின் மேல்

என் பிரேக் டீச்சருக்கு,

நீ காலை வகுப்புக்குப் போய்விட்டாய். நேரில் சொன்னால் நீ சிரிப்பாய், உனக்குச் சிரிப்பு ஆகாது, அதனால் எழுதிவைத்துவிட்டுப் பட்டறைக்குப் போகிறேன்.

நேற்றைக்கு வண்டி பாதி வழியில் நின்றது. நின்றதும் எனக்கு வேர்த்தது, பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பியிருப்பேன். நீதான் என் காதருகே வந்து, "நியூட்ரல்ல போடுங்க" என்றாய். அடக்க முடியாமல் சிரித்தேனா, ஈரமாகிவிட்டது. நான் பதறுவதைப் பார்த்து நீ சிரித்தாய், உனக்கும் ஆகிவிட்டது. யார் ஈரம் எது என்று தெரியாமல் இரண்டு பேரும் விரிப்பை உருவிப் போட்டோம். அதற்குப் பிறகு நடந்தது இருக்கிறதே, அதை எழுத மாட்டேன். முழுதாக இல்லைதான், ஆனாலும் எனக்கு நிறைந்துவிட்டது. இந்த உடம்பு இன்னும் என்னுடையதுதான் என்று பல மாதங்களுக்குப் பிறகு தோன்றியது.

விரிப்பைத் துவைத்துப் பால்கனியில் நான்தான் காயப்போட்டேன். மாடி வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்தாள். "இன்னைக்கும் டீ கொட்டிடுச்சா?"

கதவு பக்கத்தில்தான் இருந்தது. உள்ளே போகவில்லை. "டீ இல்லீங்க. ஆப்பரேஷனுக்கு அப்புறம் எனக்குச் சிரிச்சா ஒண்ணுக்குக் கசியும். நேத்து நல்லாச் சிரிச்சிட்டேன்" என்றேன். உன் பங்கைச் சொல்லவில்லை, பயப்படாதே.

அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்காரரும் இதனாலதான் ரொம்ப நாளா வெளியிலயே வரமாட்டேங்கறார். அதுக்கு ஏதோ பயிற்சி இருக்காமே?" என்றாள். சாயங்காலம் அவரைக் கீழே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நீ மாட்டிய கொக்கியைக் கழற்றவில்லை. மெத்தை உறையைத் துடைத்து வைத்திருக்கிறேன், மெத்தையைத் திருப்பிப் போட வேண்டும். நீ தனியாகத் தூக்காதே. நான் வந்ததும் இரண்டு பேருமாகத் தூக்கலாம்.

உன்,
மரத்தூள்