அப்பா செய்த வெளிநடப்பு

அன்புள்ள ஜினேஷுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆதிநாதர் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் கறவை மாடும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் மருமகள் நிவேதாவும் அந்தக் குளிரில் காதைப் பொத்திக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஸ்டாக்ஹோமில் இப்போது மூன்று மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறதாமே, பொழுது சாய்ந்தால் வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது என்கிற நம் ஜைனர் வழக்கத்தை அங்கே எப்படிக் காப்பாற்றுகிறாய்? உண்மையைச் சொல்ல வேண்டாம், நான் கேட்டுவிட்டேன், அதோடு சரி. போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறாளே என்று பயப்படாதே. போனில் சொன்னால் பாதியில் புகுந்து பேசுவாய், காகிதத்தில் உன் பாச்சா பலிக்காது.

விஷயம் நம் ஏரிக்கரை நிலம்தான். மனை போட்டு வித்துட்டு இங்க வந்துடுங்கம்மா, அந்தக் காசுல ஒரு வீடு வாங்கி எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்னு ஆடி மாதத்தில் சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் மல்லாட்டை (நிவேதாவுக்கு வேர்க்கடலை என்றால்தான் புரியும்). நடுவில் அரசாங்கம் வேறு ஒரு வரைபடத்தோடு வந்து நின்றது. இனிமேல் எங்கே வீடு கட்டலாம், எங்கே பயிர் மட்டும்தான் வைக்கலாம் என்று பிரிக்கிற திட்டமாம். வீடு என்றால் மஞ்சள், விவசாயம் என்றால் பச்சை. திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் மஞ்சளை அப்பி வைத்திருந்தார்கள், நம் நிலம், பக்கத்து நிலம், ஏரிக்குத் தண்ணீர் வருகிற கால்வாய் எல்லாம் அதற்குள். ஏற்கெனவே வழியெல்லாம் வளைவு கட்டி, கலர் கல் நட்டு, கோயிலுக்குப் பத்தே நிமிடம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். பௌர்ணமி அன்னிக்குப் பத்து நிமிஷத்துல போய்க் காட்டுங்கடா பாக்கலாம்னு பக்கத்து நிலத்துக் காசி அந்தப் போர்டையே பார்த்துக் கேட்கிறான். இப்படியே போனால் இந்த ஊர் எங்கே முடிகிறது, அந்த ஊர் எங்கே ஆரம்பிக்கிறது என்று பஸ் கண்டக்டருக்கே தெரியாது. நடுவில் இருக்கிற இந்த வெளியையும் கட்டிடமாக்கிவிட்டால் நெல்லும் மல்லாட்டையும் எங்கே விளையும், மொட்டை மாடியிலா?

ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லுங்கள் என்று கார்த்திகையில், தீபம் முடிந்த கையோடு, கீழ்பென்னாத்தூர் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அப்பா ஒரு வாரமாகப் பேச்சுத் தயாரித்து மாட்டிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார், அது அசைபோட்டபடி முழுசும் கேட்டது, எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நாலு மணிக் கூட்டம் ஆடி அசைந்து ஆரம்பிக்க ஐந்தேகாலுக்கு மேல் ஆகிவிட்டது. அப்பா மைக்கைப் பிடித்து, மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களே என்று தொடங்கி, கால்வாய் வரைக்கும் வந்தவர், எதேச்சையாக ஜன்னலைப் பார்த்தார். வெயில் சிவந்துவிட்டது. அவ்வளவுதான், மைக்கை மேஜையில் வைத்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தார். வீட்டில் களியும் காராமணிக் குழம்பும் காத்திருக்கின்றனவே. நம் ஜினாலயத் தெருக்காரர்கள் எல்லோருக்கும் அதே வயிறு, அதே சூரியன், நாங்களும் எழுந்து பின்னால் போனோம். காசிக்கு நம் வழக்கம் தெரியாதா என்ன? தெரிந்தும் அந்தக் கில்லாடி எழுந்து நின்று, எங்க அண்ணனே பாதிப் பேச்சுல போறாருன்னா நாங்க மட்டும் உக்காந்து என்னங்க பண்றதுன்னு ஒரு சத்தம் போட்டான். மண்டபமே காலி. மறுநாள் பேப்பரில் விவசாயிகள் வெளிநடப்பு என்று போட்டு, துண்டும் கையுமாக உன் அப்பா படம். அடிப்பாவி, நான் சாப்பிடத்தானேடி போனேன்னு என் மேல் பாய்ந்தார், நான்தான் ஏதோ அச்சடித்த மாதிரி. அன்றிலிருந்து டீக்கடையில் அவருக்குத் தலைவர் என்று பெயர்.

நாலு நாள் கழித்து அந்த அதிகாரி, அருணாதேவி என்று பெயர், உன் வயசுதான் இருக்கும், கோபத்தைத் தணிக்க நிலத்துக்கே வந்துவிட்டார். பேசாம இருங்கண்ணேன்னு காசி கண்ணைக் காட்டுகிறான், அப்பாவுக்குத்தான் பொய் வராதே. கோவமெல்லாம் இல்லீங்கம்மா, சாப்பாட்டுக்கு நேரமாயிடுச்சுங்கன்னு உடைத்துவிட்டார். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்து முடித்துச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கால்வாய் நெடுகச் சேற்றில் நடந்து பார்த்தது. அடுத்த கூட்டம் காலையில, ஏரிக்கரையிலேயே வச்சுக்கலாங்கன்னு சொல்லிவிட்டுப் போனது.

போன வெள்ளிக்கிழமை அந்தக் கூட்டம். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். அருணாதேவி நேராகக் கேட்டார், ஊரைப் பச்சையா வைக்கச் சொல்றது சுலபங்க, அவங்கவங்க நிலத்தைப் பச்சையா வைக்கச் சம்மதமா, அப்புறம் மனை போட முடியாது, அந்த விலையும் வராது, சம்மதம்னா கை தூக்குங்க என்று. எல்லோரும் தலைவரையே பார்க்கிறார்கள். தலைவர் கை தோள் வரைக்கும் போய் நின்றுவிட்டது, காதைச் சொறிவது போலச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கி இருந்தது. நம்ம பையன் கேட்டானேடின்னு என் காதில் மட்டும் விழுகிற மாதிரி சொன்னார். ஜினேஷ், உன்னோடு ஒரே வீட்டில் இருக்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் இந்த மனுஷனை நிலத்திலிருந்து பிடுங்கி ஒரு பனி ஊரின் ஜன்னலோரம் உட்கார வைத்தால் எத்தனை நாள் தாங்குவார்? அவர் முழங்கையைப் பிடித்து நான்தான் தூக்கிவிட்டேன். அதைப் பார்த்துக் காசி தூக்கினான், அப்புறம் ஒவ்வொருவராகக் கரை முழுக்கத் தூக்கிவிட்டார்கள். மஞ்சளைப் பச்சையாக மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்று அருணாதேவி சொல்லிப் போயிருக்கிறார், அங்கே என்ன செய்வார்களோ, நாங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

அதனால்தான் நீ போன் செய்தால் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டணும்னு சொல்லிப் போனை என் கையில் திணித்துவிட்டு ஓடுகிறார். மாடு ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் தண்ணீர் குடிக்கும், பாவம். உனக்கு வருத்தம் இருக்கும், கோபமும் இருக்கும், அதை அவரிடம் காட்டாதே, கை தூக்கிவிட்டவள் நான், என்னைத் திட்டு, திட்டிய பிறகும் நான் உன் அம்மாதான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, நிவேதாவையும் வேலை வேலை என்று அலைய விடாதே. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து, தீர்க்காயுசாக இருக்க வேண்டும். முக்கியமானதை மறந்துவிடாதே, அப்பா ஏரிக்கரையில் மல்லாட்டை விதைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அவர் நம்பருக்கே கூப்பிடு. அவர் எடுத்ததும் வேறு எதுவும் பேசாதே, மல்லாட்டை முளைச்சிடுச்சாப்பான்னு மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் வீட்டு ஆசையில் மண்ணைப் போட்ட
அம்மா குசுமாவதி