முறுக்கு உரலுக்கு ஒரு புது உலக்கை

புக்கிட் காத்தில்,
மலாக்கா,
2.10.1994

அன்புள்ள பெத்தம்மாளுக்கு,

நான் நலம். நீயும் மகள் கலைமகளும் பேரனும் நலமா? பிள்ளை பெற்றவளைப் பார்த்துவிட்டு நாற்பதாம் நாள் வந்துவிடுகிறேன் என்று ஜொகூர் போனாய். பேரன் நடக்கவே ஆரம்பித்துவிட்டான்.

பக்கத்து ஊர் செங்கில் ஒரு பட்டறையை மூடினார்கள். அங்கே கிடந்த சின்ன லேத் மிஷினை வாங்கி வந்துவிட்டேன். திட்டாதே. அடுப்படியில்தான் வைத்திருக்கிறேன். நீ இல்லாத அடுப்படியில் வேறென்ன வேலை? மண்ணெண்ணெய் போட்டுத் துருவைத் தேய்த்துத் தேய்த்து இப்போது நன்றாகச் சுற்றுகிறது. உன் முறுக்கு உரலில் மாவு பக்கவாட்டில் பிதுங்குகிறது என்பாயே, அதற்குப் பித்தளையில் புது உலக்கை கடைகிறேன். தீபாவளிக்கு வந்து பிழிந்து பார்.

ராமையா

ஜொகூர்,
9.10.1994

கலைமகள் அப்பாவுக்கு வணக்கம்.

அடுப்படியில் இரும்பா? நல்லாதான் இருக்குலா உங்க கூத்து! சட்டைக் கையை மடித்துவிட்டு வேலை செய்யுங்கள், சுற்றுகிற மிஷின் துணியை இழுத்துவிடும். ஆயுத பூசைக்கு அதற்கும் ஒரு பொட்டு வையுங்கள். வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

பெத்தம்மாள்

புக்கிட் காத்தில்,
17.10.1994

பெத்தம்மா,

பூசை போட்டு நானே காரியத்தைக் கெடுத்துக்கொண்டேன். மிஷினில் உளியைத் தாங்கும் வண்டி ஓடுகிற தண்டவாளத்தின் மேல் திருநீற்றைப் பட்டையாகப் பூசிச் சந்தனம் வைத்தேன். மறுநாள் வண்டியை நகர்த்தினால் நறநறவென்று சத்தம். அடியில் சாம்பல் புகுந்து இரும்பையே கீறிவிட்டது. சொல்லி அழக்கூட வீட்டில் ஆளில்லை. மிஷினிடமே சண்டை போட்டேன்.

துடைத்து எண்ணெய் விட்டுத் திரும்பக் கடைந்தேன். உலக்கை இப்போது உரலில் அளவாக இறங்குகிறது. நீ என்றைக்கு வருகிறாய்? பஸ் நிலையத்துக்கு நானே வருகிறேன்.

ராமையா

ஜொகூர்,
23.10.1994

கலைமகள் அப்பாவுக்கு,

படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. என் தையல் மிஷினுக்கு வருஷா வருஷம் மர மூடியில்தான் பொட்டு வைப்பேன், ஊசி ஓடும் இடத்தில் வைக்க மாட்டேன். ஒரே வீட்டில்தானே இருந்தோம், ஒரு தடவையாவது பார்த்தீர்களா? நான் பேசும்போது பேப்பரைக் கீழே இறக்கினதே இல்லை நீங்கள்.

கோபமில்லை. இங்கே ஒருத்தன் நாளெல்லாம் பாட்டி பாட்டி என்று பின்னாலேயே வருகிறான். தீபாவளிப் பலகாரம் இங்கேயே சுடுகிறோம். மாப்பிள்ளையின் கூட்டாளி சேகரன் வெள்ளிக்கிழமை வேனில் மலாக்கா வருகிறார். உரலைக் கொடுத்தனுப்புங்கள். தையல் மிஷினையும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

பெத்தம்மாள்

புக்கிட் காத்தில்,
28.10.1994

பெத்தம்மா,

இரண்டையும் சேகரன் வேனில் ஏற்றிவிட்டேன். உலக்கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், கழுவிவிட்டுப் பிழி. பேரனுக்கு முதல் முறுக்கைக் கொடு.

தையல் மிஷினைத் தூக்கும்போது மூடியில் உன் பொட்டு இருந்தது. இன்றைக்குத்தான் பார்த்தேன். துடைக்காமல் அனுப்பியிருக்கிறேன்.

ராமையா