அம்மா கைக்குத் தோதான இரும்பு வாணலி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆறு மாதமாகப் போனில் உன்னிடம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதில் பாதி பொய். போனில் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, எழுதும்போது நடுவில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தால் உனக்குத் தெரியாது பார். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், குழந்தைக்கு இருமல் நின்றதா?

அம்மா பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரம், இனிமே அம்மா அடுப்புப் பக்கமே போகக் கூடாதுப்பா என்று நீ போனில் அழுதாய் இல்லையா, அன்றைக்கே அவளுடைய பழைய இரும்பு வாணலியைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டேன். நீ பிறப்பதற்கு முன்பிருந்து அவள் கையில் இருந்த சாமான், என்ன கனம், பிடிப்பில்லாத வலது கையால் தூக்கிக் காலில் போட்டுக்கொண்டால் என்ன கதி என்று எனக்குப் பயம். சமைக்க ஒரு அம்மாளை வைத்தோம், பாவம் நன்றாகத்தான் சமைத்தார். உங்கம்மா ஒரு குறையும் சொல்லவில்லை, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், அவள் குறை சொல்லாத சாப்பாடு உண்டா? நாற்காலியில் உட்கார்ந்து, வாணலி மாட்டியிருந்த வெறும் ஆணியையே பார்த்துக்கொண்டிருப்பாள். போன மாதம் ஒரு நாள் காலையில் பரணைக் கையால் காட்டி, என்னையும் அங்கயே தூக்கி வெச்சிடுங்களேன் என்று குழறிக் குழறிச் சொன்னாள். அம்மாடி, எனக்கு உயிரே போய்விட்டது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, நீ பயத்தில் சொன்னாய், நான்தான் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் செய்தேன்.

பிசியோதெரபிக்கு வரும் பெண் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து வலது கையால் தூக்கச் சொல்வாள், அதுவரை அம்மாவுக்கு முடிகிறது. அந்த எடைக்கு மேல் போகாத இரும்பு வாணலி ஒன்று தேடி, அதே பாட்டிலை எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனேன். ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் வாணலி என்று நான் நின்றதைப் பார்த்து, சாருக்குத் தாகமா பசியா என்று கேட்டார் கடைக்காரர். வார்ப்பு இரும்பு எல்லாமே மலைபோல் கனம். தகட்டு இரும்பில் செய்தது ஒன்று பாட்டிலைவிட லேசாக இருந்தது, முப்பது வருஷம் பார்சல் ஆபீசில் எடை போட்டவனாச்சே, பெருமையாக வாங்கி வந்தேன். அம்மா பிடித்ததும் அது தொபுக்கென்று கவிழ்ந்துவிட்டது. கைப்பிடி ஒரு முழ நீளம், பாரம் முழுக்க முன்னால். தராசில் நிற்கிற எடை வேறு, மணிக்கட்டு தாங்குகிற எடை வேறு என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுநாள் வண்டி வைத்து அவளையே கடைக்கு அழைத்துப் போனேன், முதலிலேயே செய்திருக்க வேண்டியது. நாலைந்தைத் தூக்கிப் பார்த்து, மேசைமேல் வைத்து அடி ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்து, கைப்பிடி குட்டையாக, எதிர்ப்பக்கம் இடது கைக்கு ஒரு சின்னக் காது வைத்ததாக ஒன்றை எடுத்தாள்.

அதைப் பழக்குவது என் வேலை. கடைப் பூச்சு போகச் சோப்புப் போட்டுக் கழுவி, அடுப்பில் ஈரம் காயவைத்து, எண்ணெய் தடவிப் புகை வரும்வரை சூடாக்க வேண்டும். நிறைய ஊற்றினால் சீக்கிரம் பழகும் என்று நான் தாராளமாக ஊற்றிவிட்டேன், ஆறியதும் தொட்டால் கோந்து மாதிரி ஒட்டுகிறது. வந்ததே கோபம் அவளுக்கு, உங்களை எண்ணெயில முக்கச் சொன்னேனா, தடவிட்டு, தடவினதே தெரியாத மாதிரி துடைக்கச் சொன்னேன், தேய்ச்சுக் கழுவிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிங்க என்று பிடித்தாளே ஒரு பிடி. நோய் வந்த பிறகு அவள் சேர்ந்தாற்போல் அவ்வளவு வார்த்தை பேசியது அன்றுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகவே வேண்டுமென்று இன்னும் இரண்டு தப்பு செய்தேன். நாலு நாள், தினமும் மூன்று தடவை, மெல்லிசாகத் தடவித் துடைத்துச் சூடாக்கி ஆறவைத்தோம், சாம்பல் நிறம் பழுப்பாகிக் கறுத்தது. கடைசியில் வெங்காயத்தைப் போட்டுக் கருக வதக்கிக் கொட்டச் சொன்னாள், இரும்பு வாடை போய்விட்டது.

நேற்று அவளே முட்டை பொரித்தாள். ஒட்டவில்லை, ஆனால் கை ஆடிப் பாதி முட்டை அடுப்பில் விழுந்தது. நான் கையை நீட்டினேன், ஒரு முறை முறைத்தாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மிச்சத்தை என் தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்தாள். உப்பு துளியும் இல்லை. நன்றாக இருக்கிறது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு, உப்பே இல்லையே என்றேன். இத்தனை வருஷமா வக்கணையாச் சாப்பிட்ட நாக்கு, போட்டுக்கத் தெரியாதா என்றாள். ஆறு மாதம் கழித்து என் பெண்டாட்டியை நேற்றுதான் பார்த்தேன் மகளே.

லீவில் வரும்போது உனக்கும் கை பரபரக்கும், ஓடிப்போய் அவள் கையிலிருந்து வாங்காதே. வாணலி விழுந்தால் விழட்டும், தரையில் ஒரு கல் உடையும், மாற்றிக்கொள்ளலாம். குழந்தைக்கு முத்தம், மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைய நாள் இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, அம்மா சமைத்ததில் உப்பில்லை என்றால் உப்பில்லை என்று அவள் முகத்துக்கு நேரே சொல்.

உன்மேல் உயிராக இருக்கும்,
அப்பா