வீடியோவில் இல்லாமல் போன கைகள்

அனுப்புநர்:
ம. லூயிஸ்,
நாளிதழ்ச் செய்தியாளர் (ஓய்வு),
ரோசரி சர்ச் சாலை, மயிலாப்பூர், சென்னை – 4.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
சாட்சிகள் இணையவழி வாக்குமூல மையம்,
கிண்டி, சென்னை – 32.

பொருள்: என் மருமகள் ரெனிட்டா சைகை மொழியில் அளித்த வீடியோ வாக்குமூலம் தங்கள் சர்வரில் கைகள் தெரியாதபடி மாற்றப்பட்டது – "சாட்சி எதுவும் கூறவில்லை" எனக் கோப்பு முடிக்கப்பட்டது – அதை மீண்டும் திறக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

1. என் மகன் ஸ்டீவ் கடந்த பிப்ரவரியில் அடையாறு எல்.பி. சாலையில் தண்ணீர் லாரி மோதி இறந்தார். அவரும் அவர் மனைவி ரெனிட்டாவும் பிறவியிலேயே காது கேளாதவர்கள். "ஹார்ன் அடித்தும் விலகாமல் அஜாக்கிரதையாகச் சாலையைக் கடந்தார்" என்று முதல் தகவல் அறிக்கை சொல்கிறது. லாரியின் கிளீனர் கூறியது அது. ஹார்ன் அடித்திருக்கலாம். அதில் எனக்கு வழக்கு இல்லை. நடந்து கடப்பவர்களுக்குப் பச்சை விளக்கு எரிந்ததா என்பதே கேள்வி. எரிந்தது என்று சொல்ல ஒருவர்தான் இருக்கிறார்: செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு ஓரடி பின்னால் வந்த ரெனிட்டா. சிக்னல் கேமரா அன்று வேலை செய்யவில்லை என்று எழுத்து மூலமாகவே பதில் வந்துவிட்டது.

2. காவல் நிலையத்தில் ரெனிட்டா தாளில் எழுதிக் கொடுத்தார். அவருடைய எழுத்து சைகை மொழியின் வரிசையில் வரும். "பச்சை நான் பார்த்து, ஸ்டீவ் நடை, லாரி திரும்பு" என்று எழுதியிருந்தார். இதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். நான் மொழிபெயர்க்க முன்வந்தேன். இறந்தவரின் தகப்பன் என்பதால் மறுத்தார்கள். மறுத்தது சரிதான், செய்தியாளனாக இருந்தபோது நானும் அப்படிப்பட்ட ஒருவரின் சொல்லை மட்டும் நம்பிச் செய்தி எழுதியிருக்க மாட்டேன். மாற்றுத்திறனாளிகளுக்கென்றே வந்த வசதி என்று சொல்லித் தங்கள் இணையதளத்தைக் காட்டினார்கள்.

3. ரெனிட்டா தன் கைபேசியில் தானே பதிவு செய்தார். தளம் அதை ஏற்கவில்லை. "ஒலித்தடம் இல்லை, மாற்றம் தோல்வி" என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மந்தைவெளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாலு பலமுறை முயன்று பார்த்துவிட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்தார். அந்தக் கைபேசியின் மைக் எப்போதோ பழுதாகியிருக்கிறது. கணவன் மனைவி இருவருக்கும் அது தெரியாது; தெரியவேண்டிய தேவையும் வரவில்லை. "இன்னா சார் இது, கை பேசுற வீடியோவுக்கு சவுண்டு கேக்குது! ஒரு பாட்ட போட்டு ஏத்திரட்டா?" என்று பாலு கேட்டார். பாட்டுச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ரெனிட்டா பதிவு செய்த அறையிலேயே மின்விசிறியின் சத்தத்தை வேறொரு கைபேசியில் எடுத்து வீடியோவுடன் சேர்த்தோம். சர்வர் உடனே ஏற்றுக்கொண்டது. அன்று மாலை எங்கள் வீட்டில் சற்று நிம்மதி இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

4. பிறகு வந்த குறுஞ்செய்தி: "வாக்குமூலம் பார்வையிடப்பட்டது. சாட்சி எதுவும் கூறவில்லை. கோப்பு முடிக்கப்பட்டது."

5. தளத்தில் இருக்கும் வீடியோவை நான் திறந்து பார்த்தேன். சர்வர் ஒவ்வொரு வீடியோவையும் முகம் மட்டும் நிறையும் சட்டமாக மாற்றுகிறது. அசல் பதிவில் ரெனிட்டாவின் இடது முன்கை நிமிர்ந்து சிக்னல் கம்பமாக நிற்கிறது. வலது கையின் இரண்டு விரல்கள்தான் ஸ்டீவ். அவை நடக்கின்றன, பாதிச் சாலை வரை நடக்கின்றன. பிறகு அந்த இடது கையே லாரியாகித் திரும்புகிறது. தங்கள் தளத்தில் இருப்பதில் இவை எதுவும் இல்லை. ஒரு பெண் நம்மைப் பார்க்கிறார். தோள்கள் அசைகின்றன. ஒருமுறை கண்களை மூடித் திறக்கிறார். பின்னணியில் மின்விசிறி ஓடுகிறது. இதைப் பார்த்த அலுவலர் அப்படி எழுதியதில் எனக்கு வியப்பில்லை.

6. தொலைவில் நின்று மறுபடி பதிவு செய்து, பாலுவின் பெயரில் சோதனைக் கணக்குத் தொடங்கி ஏற்றிப் பார்த்தோம். எவ்வளவு தள்ளி நின்றாலும் சர்வர் முகத்தைத் தேடி அருகே இழுத்துவிடுகிறது. கைகளை முகத்தோடு ஒட்டி வைத்துச் சொல்லும்படி மருமகளிடம் கேட்டேன். முயன்றார். கன்னத்தில் லாரி திரும்ப இடம் இல்லை. பாதியில் கைகளை மடியில் போட்டுக்கொண்டார். அவரை மறுபடி கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவருடைய கோப்பு எண்ணில் இனி எதையும் ஏற்றவும் முடியாது. "வாக்குமூலம் ஏற்கெனவே பெறப்பட்டது" என்கிறது தளம்.

7. தங்கள் அலுவலகத் தொழில்நுட்ப உதவியாளர் திரு. ஸ்ரீநாத்தை நேரில் சந்தித்தேன். நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எனக்குப் புரியுது அங்கிள். ஆனா அது மூஞ்சியத்தான் தேடும். கையையும் தேடுன்னு யாரும் அதுல எழுதல. நான் மாத்தணும்னா மேல இருந்து ஆர்டர் வரணும்." அவர்மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம். அசல் பதிவு சர்வரில் இருக்கிறதா என்று கேட்டேன். மாற்றம் முடிந்ததும் அசல் தானாக அழிந்துவிடும் என்றார்.

8. முந்தைய மூன்று மனுக்களுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதில்தான் வந்தது. விசாரணை அறிக்கை இம்மாதக் கடைசியில் நீதிமன்றத்துக்குப் போகிறது. போய்விட்டால், என் மகன் தன் அஜாக்கிரதையால் இறந்தவன் என்பதே ஏட்டில் நிற்கும். ரெனிட்டா தினமும் மாலையில் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்க்கிறார். போய்ச் சேர்ந்ததா என்று அதற்குப் பொருள். சேர்ந்தது என்றும் சொல்ல முடியவில்லை, சேரவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

9. ஆகவே, கோப்பை மீண்டும் திறந்து, இத்துடன் உள்ள அசல் பதிவைச் சைகை மொழி அறிந்த ஒருவருடன் பார்க்குமாறு வேண்டுகிறேன். வரும் 17ஆம் தேதி செவ்வாய்க்கிழமை ரெனிட்டாவுடன் தங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். மேசைக்கு எதிரே அவர் கைகளை நீட்ட இடம் கிடைத்தால் போதும்.

10. இதுவும் இயலாது எனில், என் தொழிலில் வழக்கமான ஒன்றையாவது கேட்கிறேன்: திருத்தம். "சாட்சி எதுவும் கூறவில்லை" என்ற வரியை நீக்கி, "சாட்சி கூறினார், நாங்கள் பார்க்கவில்லை" என்று எழுதித் தாருங்கள். அதை மருமகளிடம் காட்டுவேன்.

இடம்: சென்னை – 4
நாள்: 9.6.2025

மனுவை அளிப்பவர்,
(ஒப்பம்) ம. லூயிஸ்

இணைப்பு: பென் டிரைவ் ஒன்று. போட்டுப் பார்க்கும்போது சத்தம் வராது. அது பழுது அல்ல.