நீலக் கறைக் கத்தி

அன்புள்ள பேத்திக்கு,

உன் அண்ணன் வேலையில் உயர்ந்துவிட்டான். தங்கை ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தாள். நீயோ கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டில் யாருக்கும் கிடைக்காத கத்தியைச் சேர்த்தவள். வெங்காயம்கூட நறுக்காத படக்கத்திதான். ஆனாலும் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

அதை நானே தொலைத்துவிட்டேன். லீவுக்கு இங்கே வந்திருந்த நீ குளிக்கப் போயிருந்தபோது, கத்தியை மாற்றிக்கொள்ளலாமா என்று கம்ப்யூட்டரில் ஒருவன் கேட்டான். உன்னுடையதில் திட்டுத் திட்டாக நீலக் கறை. அவனுடையது பளபளவென்று புத்தம்புதுசு. பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதிது வாங்கியே பழகிய புத்தி, சம்மதம் என்று அழுத்திவிட்டேன்.

"ஐயோ பாட்டி, அந்தக் கறைக்குத்தானே இவ்வளவு மவுசு!" என்றாய். ஊருக்குப் போனபின் ஒரு வார்த்தை பேசவில்லை.

மன்னிக்க மனம் வரும்போது வரட்டும். அதுவரை, முறைத்துக்கொண்டு நின்றாலும் சரி, உன்னைப் புதுசாகப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடு.

உன் பாட்டி