மாவுப் பீப்பாயில் இருந்தது

வயோமிங், அக்டோபர் 1886

என்னவருக்கு,

நீங்கள் வடக்கே சுரங்க ஊரில் இருப்பதாகத் தபால் வண்டிக்காரர் சொன்னார். இங்கே உருளைக்கிழங்கு தோண்டியாயிற்று. அறுந்த வேலியைப் பக்கத்து நிலத்து ஓரின் கட்டிக் கொடுத்தார். மாட்டுப்பண்ணை அடியாட்கள் அப்புறம் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஊரே உங்களைப் புகழ்கிறது. எனக்குத்தான் அதைக் கேட்க முடியவில்லை.

கல்யாணத்தன்று துப்பாக்கியை என் கையில் கொடுத்து, "ஓடையில வீசிடு, இனி யாரையும் சுடமாட்டேன்" என்றீர்கள். வீசிவிட்டேன் என்றேன். அதை நம்பி மூன்று வருஷம் ஏர் பிடித்தீர்கள்.

ஓரினின் களஞ்சியத்தை அந்த அடியாட்கள் கொளுத்திய அன்று, மாவுப் பீப்பாய்க்குள் கையை விட்டு அந்தத் துப்பாக்கியை எடுத்து உங்கள் முன் வைத்தது நான்தான். விசையை இழுத்துப் பார்த்தீர்கள். வழுக்கிக்கொண்டு வந்தது.

"மூணு வருஷம் தண்ணியில கெடந்தும் துருவே புடிக்கலையே!" என்று சிரித்தீர்கள்.

போய் அவர்களில் மூன்று பேரைச் சுட்டீர்கள். வீடு திரும்பவில்லை.

ஆபத்துக்கு உதவுமென்று வைத்திருந்தேன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். உங்களிடம் அந்தப் பொய் வேண்டாம். ஒவ்வொரு வசந்தத்திலும் அதற்கு எண்ணெய் போடும்போது, இந்த மனுஷன் எங்கே மாறப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

நீங்கள் மாறித்தான் இருந்தீர்கள்.

கதவைத் தாழிடாமல் படுக்கும்
உங்கள் மனைவி